வீட்டுக்கு வந்த குரல்

அன்று சனிக்கிழமை, 2023-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி. மறுநாள் தைப்பூசம் என்பதால் வீட்டில் தலைக்கு மேல் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக் கடையை ஒழித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக் கொண்டிருந்தேன். ஆவணியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்த புது மருமகள், கையில் செல்போனோடு வந்து நின்றாள்.

"அத்தே, பாடகி வாணி ஜெயராம் இறந்துட்டாங்களாம்."

கீரைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது. பத்து நாள் முன்னால்தானே பத்மபூஷண் விருது அறிவித்தார்கள்! அந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கக்கூட நாள் இல்லாமல் போயிற்றே என்று மனசு அடித்துக் கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா அத்தே?" என்று மருமகள் பயந்து போய்க் கேட்டாள்.

தெரிந்தவர்தான். அவருக்குத்தான் என்னைத் தெரியாது! நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் நான் பாட ஆரம்பித்ததும், பாடாமல் நின்றதும், மறுபடி பாடியதும் எல்லாமே அவர் பாட்டை வைத்துத்தான். அன்று சாயங்காலம் மருமகளிடம் சொன்ன கதையைத்தான், சகோதரிகளே, இங்கே உங்களிடமும் சொல்கிறேன்.

பாகூர் வயலில் ஒரு பாட்டு

நான் பிறந்து வளர்ந்தது பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த ஊர். கடல் மாதிரி ஏரி, அதன் தண்ணீரில் விளையும் வயல்கள், சோழர் காலத்து மூலநாதர் கோயில். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. ரேடியோ கிடையாது. பக்கத்து வீட்டு ரேடியோதான் எங்களுக்கும் ரேடியோ. அதில் புதுவை வானொலியும் வரும், இலங்கை வானொலியும் வரும்.

1974-ல் எனக்குப் பன்னிரண்டு வயசு. 'தீர்க்க சுமங்கலி' படத்தின் மல்லிகைப் பாட்டு அந்த வருஷம்தான் வந்தது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் இசை. அதுவரை நாங்கள் சுசீலாம்மா குரலையும் ஜானகியம்மா குரலையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். இது யார் புதுசாக? ஒரு பிசிறு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. கழுவித் துடைத்த வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி ஒரு குரல்! எங்கள் தெருவில் பூத் தொடுக்கும் பெண்கள், அந்தப் பாட்டு வந்தால் நாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

நான்கு நாளில் எனக்குப் பாட்டு மனப்பாடம். பள்ளி ஆண்டு விழாவில் பாடினேன். பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

1978-ல் 'முள்ளும் மலரும்' வந்தது. அதில் இளையராஜா இசையில் வாணியம்மா ஒரு சாப்பாட்டுப் பாட்டுப் பாடியிருப்பார். நெல்லுச் சோற்றையும் தொட்டுக் கொள்வதையும் நாவில் நீர் ஊற ஊறச் சொல்லும் பாட்டு. சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறிய குரலா இது என்று திகைக்கும்படி, அசல் கிராமத்துப் பெண்ணாகவே மாறியிருப்பார். நடவு வயலுக்கு நான் கஞ்சி கொண்டு போனால், சேற்றில் நிற்கும் அக்காமார்கள், "ஏ குட்டி, அந்தச் சோத்துப் பாட்டைப் பாடேன். இடுப்பு வலி தெரியாம நட்டுடுவோம்" என்பார்கள். நானும் வரப்பில் நின்று பாடுவேன். எனக்குக் கிடைத்த கச்சேரி மேடை அதுதான்!

கலைவாணி என்ற பெண்

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று பத்திரிகைகளில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அவர் பிறந்தது வேலூர், 1945 நவம்பர் 30. பெற்றோர் வைத்த பெயர் கலைவாணி. ஆறு பெண், மூன்று பிள்ளை என்று பெரிய குடும்பம். இவர் ஐந்தாவது பெண். அம்மா சங்கீதம் கற்றவர். ரங்கராமானுஜ ஐயங்காரிடம் தாம் படித்தது போலவே மகளையும் அவரிடம் சேர்த்தார். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் அங்கே பாடம். பிறகு கடலூர் சீனிவாச ஐயங்கார், டி.ஆர். பாலசுப்பிரமணியன், ஆர்.எஸ். மணி ஆகியோரிடமும் கற்றார். குருவின் பெயரில் எங்கள் பாகூருக்குப் பக்கத்து ஊரான கடலூர் இருப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்!

எட்டு வயதில் சென்னை வானொலியில் பாடிவிட்டார். அதே வயதில் இலங்கை வானொலியின் இந்திப் பாட்டுகள் மேலும் அப்படி ஒரு பைத்தியம். பாட்டை மட்டுமல்ல, நடுவில் வரும் வாத்திய இசையையும் சேர்த்தே பாடுவாராம். ஒருநாள் அந்த ரேடியோவில் நம் குரலும் வராதா என்று ஏங்கிய சிறுமி!

அதற்காகப் படிப்பை விடவில்லை. லேடி சிவசாமி பள்ளி, பிறகு ராணி மேரி கல்லூரி. படிப்பு முடிந்ததும் ஸ்டேட் வங்கியில் வேலை. காலையில் டிபன் டப்பாவோடு ஆபீஸ் போய், பேரேட்டில் கணக்கு எழுதும் ஆயிரம் பெண்களில் அவரும் ஒருவராக இருந்தார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். "நல்லாப் பாடுவா, இப்ப பேங்க்கில இருக்கா" என்று உறவுக்காரர்கள் சொல்வதோடு போயிருக்கும்.

இரண்டு கல்யாணங்கள்

1960-களின் கடைசியில் அவருக்கு ஜெயராமோடு கல்யாணம் ஆகி, பம்பாயில் குடித்தனம். மாற்றல் வாங்கிக் கொண்டு அங்கேயும் வங்கி வேலைக்குப் போனார்.

நம்மில் பலருக்குக் கல்யாணம் எதையெல்லாம் மூட்டை கட்டி வைக்கிற இடமோ, அங்கேதான் அவருக்குப் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. கணவர் சங்கீதப் பிரியர். மாமியார் பத்மா சுவாமிநாதன் கர்நாடக இசை தெரிந்தவர், சமூக சேவகியும்கூட. "உனக்குக் கர்நாடக சங்கீதம் வருகிறதே, இந்துஸ்தானியும் கற்றுக் கொள்ளேன்" என்று தூண்டியவர் கணவர்தான். பாட்டியாலா பாணியில் வந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் போய்ச் சேர்ந்தார்.

வேறு முறை, வேறு பாஷை, வேறு விதமான குரல் பழக்கம். சின்ன வயசிலிருந்து சாதகம் செய்து பெயர் எடுத்த ஒருவர், இருபது வயசுக்கு மேல் மறுபடி பாலபாடத்தில் போய் உட்கார வேண்டும் என்றால் எத்தனை பணிவு வேண்டும்! சாதகத்துக்கே முழு நேரமும் தேவைப்பட்டது. வங்கி வேலையை விட்டார். மாதச் சம்பளம் வருகிற மருமகள் வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக் கற்கிறேன் என்றால் எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்!

என் கல்யாணம் 1982-ல். பாகூரிலிருந்து வில்லியனூருக்கு வந்தேன். பெரிய தூரம் இல்லை. ஒரு பஸ் மாறினால் போதும். மாமனாருக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. கூட்டுக் குடும்பம், மொத்தம் பதினோரு பேர். கொடுமை என்று ஒன்றும் இல்லை. வயிறாரச் சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு புடவை. வைகாசியில் திருக்காமீசுவரர் கோயில் தேர் வந்தால் வீடே திருவிழா.

வந்த புதிதில் ஒருநாள் அம்மியில் மசாலா அரைத்துக் கொண்டே பாடினேன். கூடத்தில் ரேடியோ ஓடிக் கொண்டிருந்தது. அத்தை அடுக்களைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ரேடியோதான் பாடுதே, நீ வேற எதுக்கும்மா?" என்றார்.

திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நாத்தனார்கள் கொல்லென்று சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வாய் மூடிவிட்டது. யாரும் என்னைப் பாடக் கூடாது என்று தடுக்கவில்லை. பாடு என்று சொல்லவும் ஆள் இல்லை. பத்தொன்பது வருஷம் ஓடிப் போயிற்று. பிள்ளைகளைத் தூங்க வைக்கக்கூட நான் தட்டிக் கொடுத்ததோடு சரி.

ரேடியோவில் வந்தே விட்டார்

அங்கே பம்பாயில் இசையமைப்பாளர் வசந்த் தேசாய் அவர் குரலைக் கேட்டார். முதலில் மராத்தியில், மகா வித்வான் குமார் கந்தர்வாவுடன் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடும் வாய்ப்பு. அடுத்து 1971-ல் 'குட்டி' என்ற இந்திப் படம். ரிஷிகேஷ் முகர்ஜி டைரக்‌ஷன். ஜெயா பாதுரி பள்ளிக்கூடப் பெண்ணாக நடித்தது. அதில் மியான் கி மல்ஹார் என்ற மழைக்கால ராகத்தில் வாணியம்மா பாடிய பாட்டு வடக்கே வீட்டுக்கு வீடு ஒலித்தது. அதே படத்தில் அவர் பாடிய பிரார்த்தனைப் பாட்டை எத்தனையோ பள்ளிகளில் காலை வணக்கமாகவே வைத்துக் கொண்டார்கள். எந்த ரேடியோவில் நம் குரல் வராதா என்று ஏங்கினாரோ, அதே இலங்கை ரேடியோவின் இந்தி நிகழ்ச்சியில் வாரா வாரம் அவர் பாட்டு வந்தது!

தமிழில் முதலில் பாடிய படம் வெளியாகவே இல்லை. யாராக இருந்தாலும் மனசு உடைந்து போகும். அடுத்து வெளிவந்தது 1973-ல் ஒரு டூயட். சங்கர் கணேஷ் இசை, டி.எம். சௌந்தரராஜன் அவர்களோடு. படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'வீட்டுக்கு வந்த மருமகள்'! இதை என் மருமகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகுதான் மல்லிகைப் பாட்டு. 1975-ல் கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்'. அதில் ஸ்ரீவித்யா ஒரு சங்கீத வித்வாம்சினியாக வருவார். ஸ்ரீவித்யாவுக்காக வாணியம்மா பாடிய ஏழு ஸ்வரங்கள் பாட்டு, சிறந்த பாடகிக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. கே.வி. மகாதேவன் இசையமைத்த 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்' என்ற தெலுங்குப் படங்களுக்காக இன்னும் இரண்டு முறை தேசிய விருது. வில்லியனூரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் சங்கராபரணி என்பதால், அந்தப் படத்தை நாங்கள் எங்கள் ஊர்ப் படம் என்றே சொல்லிக் கொள்வோம்!

இந்தியில் 1979-ல் வந்த 'மீரா' படத்துக்குப் பண்டிட் ரவிசங்கர் இசை. அந்த மீரா பஜனைகளைப் பாடியதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

இத்தனைக்கும் அடிப்படை என்ன? இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டும்போதே வாணியம்மா அதை ஸ்வரப்படுத்தி நோட்டில் எழுதிக் கொள்வாராம். பிறகு மைக் முன்னால் போனால் தப்பு வராது. பத்தொன்பது மொழிகளில் பாடினார். பத்தாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கும் என்பார்கள். நமக்குத் தெரியாத பாஷையில் ஒரு கடிதம் படிக்கச் சொன்னாலே நாக்குத் தடுக்கும். அவரோ ஒவ்வொரு மொழியிலும் உச்சரிப்பில் ஒரு சொல்கூட வழுக்காமல் பாடினார். குரல் கடவுள் கொடுத்தது என்றால், சிரத்தை அவரே சேர்த்துக் கொண்டது.

என் தொண்டை நின்றது

மாமனார் காலமான பிறகு கடை வியாபாரம் படுத்தது. வருமானத்துக்காகத் திண்ணையில் டியூஷன் வைத்தேன். முப்பது பிள்ளைகள். பக்கத்திலேயே மெயின் ரோடு. லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடிக்க அடிக்க, அதற்கு மேல் கத்தி வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன். ராத்திரி குரல் கம்மும், காலையில் சரியாகும். கொஞ்ச நாளில் காலையிலும் சரியாகவில்லை. மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, ஆடாதொடைக் கஷாயம் என்று ஆறு மாதம் ஓட்டினேன். 2001-ல் எனக்கு முப்பத்தொன்பது வயசு. ஒருநாள் காலையில் பேச வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

புற்றுநோயாக இருக்குமோ என்று உள்ளுக்குள் நடுக்கம். பிள்ளைகள் இரண்டும் சின்னது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார் என் வீட்டுக்காரர். காது மூக்குத் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பயப்படாதீங்க. மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில காய்ப்பு காய்க்குது இல்லையா? அது மாதிரி உங்க குரல் நாண் ரெண்டுலயும் காய்ப்பு விழுந்திருக்கு. கத்திக் கத்தி வந்தது. குரலுக்கு ஓய்வு கொடுத்து, பயிற்சியும் செய்தா கரையும்."

பத்து நாள் பேச்சு நின்றது. அத்தைதான் அப்போது எனக்கு வாய். "அவ பேசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு, போங்கடா" என்று திண்ணைப் பிள்ளைகளை விரட்டுவார். எனக்கு வேண்டியதை ஜாடையிலேயே புரிந்து கொள்வார்.

பிறகு பயிற்சி. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு பெண் இருந்தாள், சின்ன வயசு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்துக் கொண்டே குமிழி விடச் சொன்னாள். அதற்குப் பிறகு வாயை மூடிக் கொண்டு 'ம்...' என்று மெதுவாக முனகச் சொன்னாள். "உங்களுக்கு ஏதாவது பாட்டுத் தெரியுமா அக்கா? அந்த மெட்டையே முனகுங்க, போதும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, பள்ளி ஆண்டு விழாவில் வாங்கிய அதே எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து குமிழி விட்டேன். அப்புறம் முனகினேன். தானாக வந்தது மல்லிகைப் பாட்டுத்தான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு!

கூடத்தில் ரேடியோ ஓடிக் கொண்டிருந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து, பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொண்டார்.

சகோதரிகளே, அதற்கு மேல் அவர் எனக்கு என்ன சொல்ல வேண்டும்!

குரலுக்கும் வேண்டும் கவனிப்பு

மூன்று மாதத்தில் குரல் திரும்பியது. எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தாத தாய் யார்? அதனால், நான் கற்றுக் கொண்டதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாடிக்கும் கொல்லைக்கும் கத்திக் கூப்பிடாதீர்கள். நான்கு அடி நடந்து போய்ப் பேசுங்கள். அல்லது கையைத் தட்டுங்கள். நான் டியூஷனுக்கு ஒரு சின்ன மணி வாங்கி வைத்தேன். என் சத்தத்தை விட அதற்குத்தான் பிள்ளைகள் அடங்கினார்கள்!

தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசினால் நல்லது என்று நினைக்கிறோம். அதுவும் குரலுக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதே மேல். அடிக்கடி தொண்டையைக் கனைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் கனைப்பு அடங்கும்.

நாள் முழுக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் வெந்நீரில் ஆவி பிடிக்கலாம். ராத்திரி காரமாக, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால், வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்கும். அடுப்புப் புகையும் வீட்டு ஆண்களின் பீடி சிகரெட் புகையும் குரலுக்கு எதிரி.

நாள் முழுக்கக் கத்தி விளையாடும் குழந்தைக்கும் குரலில் காய்ப்பு விழலாம். "கத்தாதே!" என்று நாமே கத்திச் சொல்லாமல், பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வோம்.

சரளி வரிசையும் மருமகளின் வீணையும்

குரல் வந்ததும் சும்மா இருக்க மனசு வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். நாற்பது வயசில், ஏழு வயசுக் குழந்தைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து சரளி வரிசை சொன்னேன். தெருவில் கேலி செய்யாமல் இல்லை. கூச்சம் வரும்போதெல்லாம், வங்கி வேலையை விட்டு உஸ்தாத் முன்னால் பாலபாடத்துக்கு உட்கார்ந்த அந்தப் பெண்ணை நினைத்துக் கொள்வேன். நான் பாடகி ஆகிவிடவில்லை. மார்கழி மாதம் கோயிலில் திருவெம்பாவைக் கோஷ்டியோடு பாடுவேன். நவராத்திரிக்கு நான்கு வீட்டில் கூப்பிடுவார்கள். எனக்கு அது போதும்.

வாணியம்மாவின் கணவர் 2018-ல் காலமானார். அதன் பிறகு சென்னையில் தனியாகவே இருந்தார். எழுபத்தேழு வயசில் அவரும் போய்விட்டார். அன்று சாயங்காலம் இந்தக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, என் மருமகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்.

"நானும் ஒன்பது வருஷம் வீணை கத்துக்கிட்டேன் அத்தே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாக என் கூடவே தோசை வார்த்த பெண்! "ஏம்மா சொல்லவே இல்லை?"

"யாரும் கேக்கலியே. அம்மா வீட்ல பரண் மேல போர்வை சுத்தி வெச்சிருக்கேன். இங்க வந்து அதுக்கு எங்க நேரம்னு..."

கேட்காதது என் தப்புத்தானே! பெண் பார்க்கப் போன அன்று படிப்பைக் கேட்டோம், வேலையைக் கேட்டோம், சமைப்பாளா என்று கேட்டோம். அத்தை அன்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். நான் வாயே திறக்காமல் அதையேதான் செய்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளை திருக்கனூருக்குப் போய், சம்பந்தி வீட்டிலிருந்து வீணையைக் கொண்டு வந்தான். இரண்டு தந்தி அறுந்திருந்தது. பாண்டியில் கொடுத்துச் சரி செய்தோம். காலையில் அவளுக்கு அரை மணி நேரம் என்று பேசிக் கொண்டோம். அந்த அரை மணி அடுக்களை என் பொறுப்பு. காய் நறுக்குவது என் பிள்ளை பொறுப்பு. அவன் நறுக்கும் பீன்ஸ் ஒன்றுகூட ஒரே அளவாக இருக்காது. அதனால் என்ன, வெந்தால் சரி!

முதல் நாள் வாசித்துவிட்டு, விரல் நுனியை ஊதிக் கொண்டே வந்தாள். "பழக்கம் விட்டுப் போச்சு அத்தே. விரலெல்லாம் எரியுது."

கையைப் பிடித்துப் பார்த்தேன். தந்தி பதிந்து சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"தேங்காய் எண்ணெய் தடவிக்கோ. நாலு நாள்ல காய்ப்பு காய்ச்சிடும். எனக்குத் தொண்டையில காய்ச்சது வேண்டாத காய்ப்பு. இது வேண்டிய காய்ப்பு" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி வீணையை எடுத்து உட்கார்ந்தாள். கூடத்தில் டி.வி. ஓடிக் கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதை நிறுத்தினேன்.